மினிட் நோட்டு

தேதி, வருகை, தலைமை.
கருங்கல் சந்தைக்குப் பின்னால் எங்கள் வீட்டு முன்னறை,
இரண்டாம் சனி, மாலை ஏழு.
அண்டி ஆபீஸ் விட்டு, குளித்து,
ஈரத்தலையோடு வருவார்கள்.
டென்னிசன் கட்டன்சாயா போடுவார்.

ரெத்தினபாய்க்குக் கைநாட்டு வைக்கவும் ரேகை இல்லை.
தோட்டெண்ணெய் தின்றுவிட்டிருந்தது.
"அப்ப எழுதத்தான் படிக்கணும்" என்றேன்.
"இந்த வெரலையா?" என்று சிரித்தாள்.
'ரெ'யின் கொம்பு வளைய
மூன்று மழைக்காலம் ஆயிற்று.

எழுதியதெல்லாம் நேராகத்தான் எழுதினேன்.
புஷ்பலீலாவைத் தக்கலை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனது,
இன்ஸ்பெக்டர் நாலு மணிநேரம் நிற்க வைத்தது,
பிறகு நாங்கள் அவர் மேசை முன்னால் தரையில் இருந்து
பொதியவிழ்த்து மரச்சீனிக் கிழங்கு தின்றது.
அன்றைக்கு வீட்டில் பெனிஷாவுக்கு நூற்றிரண்டு காய்ச்சல்.
அது நோட்டில் இல்லை.

அவள் எங்கள் கால்களுக்கு நடுவில் வீட்டுப்பாடம் எழுதினாள்.
ஏழாம் வாய்ப்பாடு வருமுன்னே
ஜீவனாம்சம் வந்துவிட்டது அவளுக்கு.
வாக்கியத்தில் அமைத்துக் காட்டு என்றபோது
அமைத்தும் காட்டினாள்.
டீச்சர் ஆளனுப்பினாள்.

டென்னிசன் கை ஓங்கியதில்லை, குடித்ததில்லை.
மேடையில் சொல்ல ஒரு கதையும் எனக்குத் தந்ததில்லை.
ஒரே ஒரு முறை, விளக்கணைத்த பிறகு,
"ஊரில உள்ளவளுக்கெல்லாம் வாதாடுத.
எனக்க பக்கத்தையும் ஒருக்கா கேளேன்."
கேட்டேனா, தூங்கிவிட்டேனா.
மறுநாள் பத்மநாபபுரம் கோர்ட்டில் வாய்தா.

பக்கம் அறுபத்தொன்று.
வரதட்சணை கொடுப்பதில்லை, வாங்குவதில்லை,
கொடுக்கும் கல்யாணத்தில் கை நனைப்பதில்லை.
பதினெட்டுக் கையெழுத்து.
முதலாவது என்னுடையது,
அடியில் இரண்டு கோடு.

மார்த்தாண்டத்திலிருந்து பெனிஷாவுக்கு ஆலோசனை வந்தது.
"நாங்க ஒண்ணும் கேக்கல்ல,
ஒங்க பிள்ளைக்கு நீங்க செய்யது" என்றார்கள்.
அந்த 'நீங்க செய்யது' எத்தனை பவுன் என்று
இந்த ஜில்லாவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.
நான் வாசலைக் காட்டினேன்.
அவர்கள் செருப்பைப் போடுமுன்னே பெனிஷா சொன்னாள்:
"ஒங்க தீர்மானத்தில நான் கையெழுத்துப் போடல்ல."

டென்னிசன் பி.எஃப். எடுத்தார்.
எனக்குச் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை.
வெல்வெட் பெட்டிகள் என் கட்டிலுக்கடியில்,
நோட்டு வைத்த தகரப் பெட்டிக்குப் பக்கத்திலேயே.
குனிந்தால் தெரியும்.
நான் குனியவில்லை.

பதினேழு பேரும் கல்யாணத்துக்கு வந்தார்கள்.
சர்ச்சில் கடைசி பெஞ்சுவரை நிறைத்து ஜெபித்தார்கள்,
பெனிஷாவின் நெற்றியில் முத்தினார்கள்,
பந்தி தொடங்குமுன் பஸ் ஏறிவிட்டார்கள்.
ஒருத்தியும் கை நனைக்கவில்லை.
அவர்களை நான்தான் அப்படி வளர்த்திருந்தேன்.

அந்த மாதக் கூட்டமும் எங்கள் வீட்டில்தான்.
வேறெங்கே.
உள்ளறைக் கதவடைத்துக் கிடந்தேன்.
பாய் விரிக்கும் சத்தம், யாரோ இருமுவது,
பேனா தேடும் மௌனம்.
வெளியே தோட்டத்தில் ரப்பர்க்காய் வெடித்துக்கொண்டிருந்தது.
கதவோரம் எதையோ வைக்கிற சத்தம்.
நான் திறக்கவில்லை.

டென்னிசன் போய் ஒரு வருஷம்.
பென்ஷன் காகிதம் தேடும்போது
அந்தப் பக்கம் இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.
ரெத்தினபாயின் எழுத்து, கொம்பு மட்டும் பெரிசாக:
'செயலாளருக்கு சொகமில்ல.'
நான் படிப்பித்த விரலின் முதல் பொய்.
வருகை பதினேழு.

ஓரத்தில் பென்சிலில், எல்லாப் பக்கத்தையும் போலவே,
அவருடைய சாயாக் கணக்கு:

கட்டன் 18.
ஒன்று உள்ளே.